டிக்கியில் நான்கு வேப்பங்கட்டைகள்

பெட்ரோல் பங்கில் மூடியைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள். "இன்னா மைலேஜ் குடுக்குது?" பதினாறு என்பேன். பொய். பன்னிரண்டுக்கு மேல் அந்த வண்டி ஒருநாளும் கொடுத்ததில்லை. ஆனால் பன்னிரண்டு என்று சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஓர் இரக்கம் வரும் பாருங்கள், அதை என்னால் தாங்க முடியாது. அதனால் பதினாறு.

மைலேஜோடு விடவும் மாட்டார்கள். இவ்வளவு சின்ன வண்டிக்கு எதற்கு இவ்வளவு சத்தம், டயர் ஏன் காற்று இறங்கியது போல் ஒல்லியாக இருக்கிறது, சீட்டு ஏன் கல் மாதிரி இருக்கிறது என்று வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வேன். "ஏழு பேர் போற வண்டியா பாத்து எடுத்திருக்கலாமில்ல?" என்று கேட்டால் மட்டும் சுள்ளென்று கோபம் வரும். வீட்டில் இருப்பது நானும், நான் நைனா என்று கூப்பிடும் அப்பாவும். மீதி ஐந்து பேருக்கு நான் எங்கே போவேன்?

வெளியிலிருந்து பார்த்தால் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வாடகைக்கு நிற்கிற சின்னக் கார்களின் தங்கச்சி போலத்தான் இருக்கும். இன்ஜின்தான் வேறு. டர்போ வைத்தது. இந்த வகைக்கு ஹாட் ஹேட்ச் என்று பெயராம். எங்கள் ஊரில் ரேஸ் காரு என்றார்கள். நான் வேலை செய்யும் திருவண்ணாமலை மருத்துவமனையில் ஒரு டாக்டர் வெளிநாடு போகும்போது விற்ற வண்டி அது. ஒருநாள் அவசரமாக ரத்தம் வாங்கிவர அதில் என்னை அழைத்துக்கொண்டு போனார். அவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இருபது வருடம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றே லேபுக்குப் போய்வந்த முதுகு அது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த வண்டி எனக்குத்தான் என்று. அப்போது எனக்கு டிரைவிங்கே தெரியாது. நாற்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன். எட்டுப் போடும் இடத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கினேன்.

தினமும் காலையில் செஞ்சியைத் தாண்டியதும் இரண்டு கோட்டை மலைகளுக்கும் நடுவே ரோடு போகும். சுற்றுலா பஸ்கள் வந்து சேராத நேரம். வளைவு முடிந்து ரோடு நேராகும் இடத்தில் மூன்றாவது கியரில் ஓர் அழுத்து அழுத்துவேன். அவ்வளவுதான் என் ஆசை. அதற்குப் பிறகு நாள் முழுக்க மற்றவர்களின் சிறுநீரையும் சளியையும் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு பாரமாகவே இருந்ததில்லை.

நைனா மட்டும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வண்டி வந்த அன்று கொல்லையிலிருந்து வந்தார். சுற்றிப் பார்க்கக்கூட இல்லை. "கல்யாணம்தான் வேணாம்னுட்ட. ஊரு சிரிக்கறதுக்கு இது ஒன்னுதான் கொறச்சலா இருந்துச்சி. நான் அதுல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தபோதும் அவர் வெளியே வரவில்லை.

சாமியார் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். டர்போ வண்டியை விரட்டி ஓட்டிவந்தால் உடனே அணைக்கக் கூடாது, ஆயில் ஓடி டர்போவின் சூடு ஆற ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வாசலில் நிறுத்திய பிறகு இன்ஜின் ஓட, கையை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி குனிந்து உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, நான் பத்திரமாக வந்து சேர்ந்ததற்காக தினம் நன்றி ஜெபம் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே சொன்னார், வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. நான் எழுந்து நின்று இன்ஜின் ஆயிலைப் பற்றியா பேச முடியும்? நைனா அப்போது கோயிலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அதே எதிர்வீட்டு அக்காவால்தான் பிரச்சினையும் வந்தது. இல்லை, அப்படிச் சொன்னால் அது இன்னொரு பொய். என்னால்தான் வந்தது.

தவக்காலத்தில் ஒரு சாயங்காலம். அன்று லேபில் மேலதிகாரியோடு சண்டை. அந்தக் கோபத்தோடு தெருவுக்குள் திரும்பினேன். எங்கள் தெரு மண் தெருவாக இருந்து போன வருடம்தான் சிமெண்ட் ரோடானது. நான் வந்த வேகம் அந்தத் தெருவுக்கு ஆகாத வேகம். அக்காவின் ஆட்டுக்குட்டி குறுக்கே குதித்தது, அதன் பின்னால் அக்காவும். பிரேக்கை மிதித்தேன். குட்டிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அக்கா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். நான் கண்ணாடியை இறக்கி, "பயப்படாதக்கா, இதுல பிரேக் சூப்பரா இருக்குது" என்றேன். மன்னிப்பு கேட்க வேண்டிய இடத்தில் வண்டியின் பெருமையைப் பேசியிருக்கிறேன். அக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். ஊர் நாட்டாமை என் பெயரை எடுக்காமலே பேசினார். தெருவில் வேகத்தடை போட வேண்டும் என்று முடிவானது. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். நைனாவும் கை தூக்கினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த வாரம்தான் மாதா சொரூபம் வைக்கக் குகை போல் கெபி கட்டும் வேலை முடிந்திருந்தது. கலவை மிஞ்சியிருந்தது. மாதாவுக்கென்று சாமியார் மந்திரித்த மணல், சிமெண்ட். அதில் ஒரு சட்டிகூட வீணாகக் கூடாது, வேறு வீட்டு வேலைக்கும் போகக் கூடாது என்று நாட்டாமை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மிஞ்சியதை எல்லாம் வேகத்தடையிலேயே கொட்டினார்கள். கொட்டக் கொட்ட அது வளர்ந்தது. கடைசியில் எங்கள் வீட்டுக்கு இருபதடி முன்னால், தெருவுக்குக் குறுக்கே, ஒரு வரப்பு போல் வந்து நின்றது. மோட்டார் சைக்கிள்கள் ஓரத்து மண்ணில் இறங்கிப் போயின. டிராக்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஸ்கூல் வேன் எப்போதும் ஊர் நுழைவு வளைவோடு நின்றுவிடும். மாட்டிக்கொண்டது நான் மட்டும்.

முதல் நாள் மெதுவாகத்தான் ஏற்றினேன். முன் சக்கரம் இறங்கியதும் வண்டியின் வயிற்றில் கரகரவென்று ஒரு சத்தம். என் வயிற்றைக் கிழித்தது போல் இருந்தது. தெருவில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அன்று ராத்திரி சோறு போடும்போது நைனா சொன்னார். "மாதா திருவிழா முடியட்டும். அதுக்குள்ள இத வித்துடு. இல்லன்னா ரோட்டாண்ட நிறுத்திட்டு நடந்து வா. வாசல்ல நிக்கக் கூடாது."

மெயின் ரோட்டில் நிறுத்துவதும் விற்பதும் எனக்கு ஒன்றுதான். வாசலில் நிற்காத வண்டி என் வண்டி இல்லை. "விக்க மாட்டேன் நைனா. வாசல்லதான் நிக்கும்" என்றேன். அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். திருவிழாவுக்கு ஏழு வாரம் இருந்தது.

அளப்பது என் தொழில். மறுநாள் காலையிலேயே ஸ்கேலை எடுத்துக்கொண்டு தெருவில் மண்டியிட்டேன். வேகத்தடை ஒன்பது அங்குலம். வண்டியின் வயிறு தரையிலிருந்து ஆறரை. ஏறுவதில் சிக்கல் இல்லை. முன் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கியதும் நடு வயிறு மேட்டில் உட்கார்ந்துவிடுகிறது. அப்படியானால் இறங்குகிற சக்கரம் முழுதாக இறங்கக் கூடாது. செஞ்சி மரவாடிக்குப் போனேன். நாலு அங்குலக் கனத்தில் நான்கு வேப்பங்கட்டை, ஒரு பக்கம் சரிவாகச் சீவித்தரச் சொன்னேன். மரவாடிக்காரர், "எந்தக் கோயில் தேருக்கும்மா?" என்று கேட்டார். காருக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அறுத்துக் கொடுத்தார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. தேர் திரும்பும்போதும் நிற்கும்போதும் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் கட்டையும் அப்படித்தான் இருக்கும். எங்கள் ஊர் மாதா தேருக்குக் கட்டை போடுகிறவர் நைனா. அவருடைய நைனாவும் அதைத்தான் செய்தார். ஆகவே நான் தினம் காலையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, மேட்டுக்கு முன்னால் இரண்டு கட்டை, பின்னால் இரண்டு கட்டை வைத்து, கொஞ்சம் கோணலாக வண்டியை ஏற்றி இறக்கி, மறுபடி இறங்கி நான்கையும் தூக்கி டிக்கியில் போட்டுக்கொண்டு போனபோது, ஊருக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது. "அப்பன் தேருக்குக் கட்ட போடறாரு, பொண்ணு காருக்குக் கட்ட போடுது" என்றார்கள். சாயங்காலமும் அதே கூத்து. மழையில் செய்தேன். காய்ச்சலில் செய்தேன். புடவை கட்டிய நாளில் முந்தானையைச் செருகிக்கொண்டு செய்தேன். ஒரு கட்டை ஆறு கிலோவுக்குக் குறையாது. முதல் வாரம் தோள் வலித்தது, பிறகு பழகிவிட்டது. வயிறு ஒருதரம்கூடத் தட்டவில்லை. ஆனால் நைனா ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை. கேலியை எல்லாம் தள்ளிவிட்டேன். இது மட்டும் வலித்தது.

மே மாதம் கொடி ஏறியது. தேர் நாள் வந்தது. பூசை முடிந்து, வெயில் தாழ்ந்ததும் மாதா தேர் கோயிலிலிருந்து புறப்பட்டது. இரும்புச் சட்டத்தின் மேல் மரக் கோபுரம், சுற்றிலும் பூவும் சீரியல் லைட்டும். கீழே நான்கு சின்ன இரும்புச் சக்கரங்கள். லைட்டுகளுக்கு வேண்டிய பேட்டரிகளை இந்த வருடம் சட்டத்துக்கு அடியிலேயே தட்டு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஜெனரேட்டர் சத்தம் இல்லாமல் ஜெபமாலை சொல்லலாம் என்று நாட்டாமையின் யோசனை.

நான் வாசலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் என் வண்டி. அன்று அது அங்கே நிற்கும் கடைசி நாளாக இருக்க வேண்டும் என்பது நைனாவின் கணக்கு. தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. இருபது பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் நைனா, தோளில் துண்டு, கையில் கட்டை. வேகத்தடைக்கு மூன்றடி முன்னால் அவர் கையைத் தூக்கினார். தேர் நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் ஒருவருக்கும் அதுவரை உறைக்கவே இல்லை.

"ஒரே மூச்சுல தள்ளுங்கப்பா, ஏறிடும்" என்றார் நாட்டாமை. தள்ளினார்கள். சின்னச் சக்கரம் மேட்டில் முட்டி நின்றது, கோபுரம் பின்பக்கம் சாய்ந்து ஆடியது. மாதா தலையிலிருந்த கிரீடம் நழுவியது. பெண்கள் "மாதாவே" என்று கத்தினார்கள். நைனா பாய்ந்து பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். தேர் பின்னால் உருளாமல் நின்றது. பின்னால் இழுத்து வேறு தெரு வழியாகப் போகலாம் என்று யாரோ சொன்னதும் கிழவர்கள் எல்லோரும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். எங்கள் ஊரில் மாதா தேர் புறப்பட்ட பிறகு ஓர் அடிகூடப் பின்வாங்கக் கூடாது. வாங்கினால் அந்த வருடம் ஊருக்கு ஆகாது. கையிலிருந்த கட்டை பின் சக்கரத்துக்குப் போய்விட்டதால் நைனா கல் கொண்டுவரச் சொன்னார். கல் சிமெண்ட்டில் வழுக்கி ஓடியது. அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிற்று.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாதா தேர் நடுத்தெருவில் மாட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். நல்லா அனுபவியுங்கள் என்று நினைத்தேன். ஏழு வாரம் என் முதுகைப் பார்த்துச் சிரித்தீர்களே. நாட்டாமை வாய்திறந்து கேட்கிற வரைக்கும் அசையக் கூடாது என்று நின்றேன். அவரும் டிக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்கவில்லை.

அப்போது நைனா குனிந்து, வழுக்கிய கல்லைத் திரும்பவும் சக்கரத்தின் கீழ் வைக்கப் போனார். எழுபது வயது விரல்கள். மேலே அத்தனை பாரம். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. "நைனா, கைய எடு" என்று கத்தினேன். டிக்கியைத் திறந்து முதல் இரண்டு கட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பொம்பள தேருக்குக் கட்ட போடறதா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. எதிர்வீட்டு அக்காதான் பதில் சொன்னாள். "அதுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியுமா? வாய மூடு." மீதி இரண்டு கட்டைகளையும் அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

முன்னால் இரண்டை நான் வைத்தேன். எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம் மற்ற இரண்டையும் நைனா வைத்தார். நான் விரலால் காட்டினேன், அவர் கட்டையை நாலு விரல் நகர்த்தினார். "நேரா தள்ளாதீங்க. எடது பக்கம் முதல்ல ஏறட்டும், அப்புறம் வலது" என்றேன். இருபது ஆண்களும் நான் சொன்னபடி தள்ளினார்கள். சக்கரம் கட்டையில் ஏறியது, மேட்டைத் தாண்டியது, அந்தப் பக்கக் கட்டையில் மெல்ல இறங்கியது. நான் தரையில் கன்னத்தை வைத்து அடியில் பார்த்தேன். பேட்டரித் தட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இருந்தது. "போவுது, போவுது, நிறுத்தாதீங்க" என்று கத்தினேன். பின் சக்கரமும் இறங்கியதும் தெருவே கைதட்டியது. தேர் என் வாசலைத் தாண்டிப் போனது. நைனா திரும்பிப் பார்க்காமல் தேரோடு போனார்.

திங்கட்கிழமை காலையில் நான் கிளம்பும்போது வேகத்தடையருகே கூட்டம். நைனாவும் நாட்டாமையும் கடப்பாரையால் அதை இடித்துக்கொண்டிருந்தார்கள். மாதா கலவை லேசில் உடையவில்லை. நான் வண்டியிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனேன்.

"முழுசா எடுக்காதீங்க. நாலு அங்குலம் இருக்கட்டும்" என்றேன்.

நாட்டாமை என்னை நம்பாமல் பார்த்தார். "எதுக்கு? உனக்குத்தான தொந்தரவு."

"அன்னிக்கு நான் வேகமாத்தான் வந்தேன்" என்றேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பினேன். "அக்கா, தப்பு என்னோடதுதான். உன்னாண்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்." அவள் கையை ஆட்டி, "போ போ, வேலைக்கு நேரமாச்சி" என்றாள்.

நைனா கடப்பாரையைத் தூக்கி அதன் முனையைப் பார்த்தார். மழுங்கிப் போயிருந்தது. செஞ்சியில் கொல்லு பட்டறைக்குக் கொண்டுபோய்த் தட்டிவந்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். வழக்கமாக அவர் மெயின் ரோட்டில் போய் பஸ்ஸுக்கு நிற்பார். அன்றைக்கு என் வண்டியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"கடப்பாற உள்ள போவுமா?" என்று கேட்டார்.

அந்த வண்டியைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "போவும் நைனா" என்றேன். டிக்கியிலிருந்து இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே நீட்டி வைத்தோம். முனை கியர் கம்பியைத் தொட்டுக்கொண்டு இருந்தது. நைனா துண்டால் சீட்டைத் தட்டி, அதைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுவிட்டேன். கட்டைகள் வைத்து மேட்டைத் தாண்டினோம். மெயின் ரோட்டில் திரும்பியதும் அவர் ஸ்டியரிங் பக்கம் எட்டி மீட்டரைப் பார்த்தார்.

"மைலேஜ் எவ்ளோ குடுக்குது?" என்றார் பிறகு.

"பன்னெண்டு" என்றேன். அவரிடம் மட்டும் பதினாறு என்று சொல்ல வாய் வரவில்லை.

"டிராக்டரே தேவல போலகுது." கொஞ்ச தூரம் போனதும், "எல்லாரும் அவ்ளோ சொன்னாங்களே. இவ்ளோதான் போவுமா?" என்றார்.

ரோடு நேராக, காலியாக இருந்தது. ஒரே ஓர் அழுத்து அழுத்தினேன். நைனா ஒரு கையால் கடப்பாரையையும் இன்னொரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டார். "ம்" என்றார். நான் காலை எடுத்த பிறகும் பிடியை விடவில்லை. ஆனால் முகத்தில் கோபம் இல்லை.

செஞ்சியில் பட்டறைக்கு முன்னால் நிறுத்தினேன். வழக்கம்போல் இன்ஜினை ஓடவிட்டு, மடியில் கையை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நைனா கதவைத் திறந்து இறங்குவார் என்று நினைத்தேன். அவர் இறங்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார், சிலுவை போட்டார், கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. சாமியார் பிரசங்கத்தில் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது. நான் தினம் வாசலில் குனிந்து உட்கார்ந்திருந்ததை, பார்க்காதது போல் இருந்துகொண்டே, அவர் இத்தனை நாளும் பார்த்திருக்கிறார்.

ஒரு நிமிடம் ஆனது. டர்போ ஆறியிருக்கும், இனி அணைக்கலாம். நைனா இன்னும் முடிக்கவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். பெட்ரோல் எரிந்தால் எரியட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டேன்.